எடுத்த குடல்வால் எங்கே போனது?

“கொடியன்குளம் பற்றி எழுதுவீங்க, உப்பளக் கூலி பற்றி எழுதுவீங்க, சரி. குடல்வாலைப் பற்றி எழுத என்ன இருக்கு?” என்று ஒரு தோழர் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சமூகவியல் படித்தவள், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டாக ஒரு அண்ணனுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நடந்ததில், சுண்டுவிரல் நீளமுள்ள அந்த உறுப்புக்குள் நம் ஊர், நம் கூலி, நம் சாதி எல்லாம் எப்படி வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டேன்.

அண்ணன் என்றது முறைக்கு. எங்கள் காலனியில் மூன்றாவது தெரு. வயது 46. தூத்துக்குடி ஹார்பரில் ஒப்பந்தக்காரரிடம் லோடுமேன். நிலக்கரி, உரமூட்டை, மரத்தடி, எது வந்தாலும் இறக்குவார். இருபது வருடம் அந்த வாசலுக்குள் போய்வந்தவருக்கு அந்த வாசல் தந்தது அன்றன்றைக்கான பாஸ் மட்டும்தான். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். அண்ணனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் அவருக்குப் பொருந்தவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம் அவருக்கு வயிற்றுவலி. முதல் நாள் வாயு என்று சோடா குடித்தார். இரண்டாம் நாள் மெடிக்கலில் மாத்திரை. மூன்றாம் நாள் ராத்திரி வேலை செய்யும் இடத்திலேயே சுருண்டுவிட்டார். மேஸ்திரி தனக்குத் தெரிந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினார். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். அன்று இரவே அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தார். அதற்காக அந்த மருத்துவமனைக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

அடுத்த நாள் காலையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும். மதினியின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே மருந்துத் தண்ணீரில் வெட்டி எடுத்த குடல்வால். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. “இதை லேப்ல கொண்டுபோய்க் குடுத்துருங்க.” எவ்வளவு ஆகும் என்று மதினி கேட்டிருக்கிறார். ஆயிரத்துச் சொச்சம் என்றிருக்கிறார்கள். மதினியின் கம்மல் ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. “கட்டாயம் குடுக்கணுமா?” என்று கேட்டிருக்கிறார். “குடுத்தா நல்லது” என்று பதில்.

எதற்கு நல்லது, குடுக்காவிட்டால் என்ன, ஒரு வார்த்தை இல்லை. டப்பா இரண்டு நாள் வீட்டு ஜன்னல் திண்டில் இருந்தது. “மனுசன் சதைய வீட்டுக்குள்ள வச்சிருக்கியே” என்று மாமியார் சத்தம்போட, மதினி அதைக் கொண்டுபோய் பின்னாலிருக்கும் உடைமரக் காட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். இதை என்னிடம் அவர் சொன்னபோது குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “நான் படிச்சிருந்தா குடுத்திருப்பேன்லா?”

இல்லை மதினி. இதில் உங்கள் படிப்புக்கு வேலையே இல்லை.

இரண்டரை வருடம் கழித்து அண்ணனுக்குக் கைலி இடுப்பில் நிற்கவில்லை. வயிறு முன்னால் தள்ளியது. கூட வேலைபார்ப்பவர்கள் “தொந்தி போட்டுட்டீயளே மச்சான், வீட்ல நல்ல கவனிப்போ” என்று கேலி. ஆனால் கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன. அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். கறுத்த, மெலிந்த, கூலிவேலை செய்யும் ஆணுக்கு வயிறு வீங்கியிருந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “குடிப்பியா?” குடிப்பார்தான், சம்பள நாளில். ஒளிக்காமல் சொன்னார். சீட்டில் எழுதியாகிவிட்டது. அதன்பிறகு யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. இரண்டு மாதம் ஈரலுக்கு மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு. உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாமல் சாப்பிட்டார்.

குடித்து ஈரல் கெட்டவர்கள் எங்கள் காலனியில் நிறைய உண்டு, மறுக்கவில்லை. எது அதிகம் நடக்கிறதோ அதை முதலில் சந்தேகிப்பது மருத்துவத்தில் தவறும் இல்லை. தவறு எங்கே என்றால், அந்த முதல் சந்தேகத்துக்கு விடை கிடைத்துவிட்டதாக நினைத்துக் கேள்வியை மூடிவிடுவதில். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அதே வயிற்றோடு போயிருந்தால், குடிப்பேன் என்று சொல்லியிருந்தாலும், இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். இதை நிரூபிக்க என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள். நம்மில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் வயிற்றிலிருந்து நீர் எடுக்க ஊசி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை. ஊசி நுனியில் கஞ்சிப் பசைபோல ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அங்கே பணியிலிருந்த மேற்படிப்பு மாணவி ஒருவர், சின்னப் பெண், அண்ணனின் வயிற்றில் இருந்த பழைய தழும்பைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணீங்கல்ல, அந்த பயாப்சி ரிப்போர்ட் எங்க?”

மதினிக்கு உடைமரக் காடு ஞாபகம் வந்தது.

அதன்பின் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் வெறும் நீர் தேங்கினால் ஈரலின் ஓரம் வழவழவென்று இருக்குமாம். சளிபோன்ற கெட்டிப் பொருள் அழுத்தினால் ஓரம் சிப்பி ஓடுபோல நெளிநெளியாகப் பதியுமாம். அண்ணனுக்கு நெளிந்திருந்தது. இரத்தத்தில் சி.இ.ஏ. என்ற அளவு கூடியிருந்தது. திசுப் பரிசோதனையும் வந்து நோய்க்குப் பெயர் கிடைத்தது: சூடோமிக்சோமா பெரிட்டோனி. ஜெர்மனியில் வெர்த் என்ற மருத்துவர் 1884-ல் வைத்த பெயர். வயிறு முழுக்கக் கூழ் நிரம்பும் நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் அது தொடங்குகிற இடம் குடல்வால்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் தமிழில் சொல்லவில்லை. குடல்வாலின் உட்சுவரில் சளி சுரக்கும் செல்கள் உண்டு. அவை கட்டியாக மாறினால் சளியை நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கும். குடல்வால் உப்பும். சுவர் மெலியும். ஒரு நாள் வெடிக்கும், அல்லது கசியும். அந்தச் சளியோடு செல்களும் வயிற்று அறைக்குள் சிந்தும். அவை இரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் மூளைக்கும் ஓடுகிற வகை அல்ல. வயிற்றுக்குள்ளேயே அடிவயிற்றிலும் ஈரலுக்கு மேலும் போய்ப் படிந்து மெதுவாக, வருடக்கணக்கில், சுரந்துகொண்டிருக்கும். வெளியே தெரியும்போது வயிறு நிரம்பியிருக்கும்.

எல்லாக் குடல்வால் கட்டியும் இப்படி இல்லை. இன்னொரு வகை நியூரோ எண்டோகிரைன் கட்டி. முன்பு கார்சினாய்டு என்பார்கள். 1907-ல் ஓபெர்ண்டார்ஃபர் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தனக்கு வந்திருப்பதாக அறிவித்த நோயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், உடம்பில் வேறு இடத்தில். குடல்வாலில் வரும்போது இது பெரும்பாலும் நுனியில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக, இளம் வயதில் வரும். குடல்வாலை எடுத்தாலே போதும், அத்தோடு முடிந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெருங்குடலின் வலப்பக்கத்தையும் எடுக்கச் சொல்வார்கள். இடைப்பட்ட அளவு என்றால் மருத்துவர்கள் கூடிப்பேசி முடிவு செய்வார்கள். இவை தவிரக் கோப்பைச் செல் கட்டி, சாதாரணக் குடல் புற்றுநோய் போன்றது என்று வேறு சிலவும் உண்டு.

இவற்றை முன்கூட்டியே கண்டுபிடிப்பது யாருக்கும் கடினம். இதில் சாதி பார்க்க வேண்டியதில்லை. ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பாருங்கள். 1992 செப்டம்பரில் பஞ்சத்தில் கிடந்த சோமாலியாவுக்கு யுனிசெஃப் தூதராகப் போய்வந்தார். திரும்பியதும் வயிற்றுவலி. சுவிட்சர்லாந்து மருத்துவர்களால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் வயிற்றைத் திறந்து பார்த்தபோதுதான் குடல்வாலில் தொடங்கிய அபூர்வப் புற்றுநோய் பரவியிருப்பது தெரிந்தது. 1993 ஜனவரி 20 அன்று, 63 வயதில், இறந்துபோனார். உலகத்தின் அத்தனை வசதியும் இருந்தவருக்கே அப்படி.

ஏனென்றால் இந்தக் கட்டிகளுக்கென்று தனி அறிகுறி கிடையாது. வருவதெல்லாம் சாதாரணக் குடல்வால் அழற்சியின் வலிதான். ஸ்கேனில் குடல்வாலின் குறுக்களவு 15 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அல்ட்ராசவுண்டில் உள்ளே வெங்காயத்தை வெட்டியதுபோல வளையம் வளையமாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாலும் குடல்வாலின் வாய்தான் தெரியும், உள்ளே தெரியாது. அதனால் பெரும்பாலான கட்டிகள் எப்போது தெரியவருகின்றன? குடல்வாலை வெட்டி எடுத்தபிறகு, நோய்க்குறியியல் துறையின் மேஜையில். எடுக்கப்படும் குடல்வால்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் ஏதோ ஒரு கட்டி இருக்கிறது என்று உலகெங்கும் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் பார்க்கப் பெரிய எந்திரம் வேண்டாம். அளந்து, நுனியை நெடுக்கில் வெட்டி, மீதியைக் குறுக்கே வெட்டி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒரு படித்த கண் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். தூத்துக்குடியில் 2000-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. கண்களும் இருக்கின்றன, நுண்ணோக்கியும் இருக்கிறது.

என் வாதமே இதுதான். வெட்டுவதற்கு முன் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் கஷ்டம். வெட்டிய பின் கண்டுபிடிப்பது சுலபம். அந்தச் சுலபம்தான் நமக்கு வந்து சேரவில்லை.

முத்துக்குளித்துறை என்று பெருமை பேசுகிறோம். கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அள்ளிவந்த சிப்பியை எப்படிக் கையாண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், புத்தகத்திலும் வாசித்திருக்கிறேன். தொட்டியில் போட்டு அழுகவிட்டு, நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவி, அடியில் தங்கிய வண்டலைக்கூடச் சலித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான சிப்பியில் ஒன்றுமே இருக்காது. ஆனாலும் பார்க்காமல் ஒன்றையும் வீசமாட்டார்கள். காசு என்றால் அவ்வளவு கவனம். ஒரு லோடுமேனின் குடல்வாலுக்கு அந்தக் கவனம் கிடையாது.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் குடல்வாலையும் பயாப்சிக்கு அனுப்புவது வீண் செலவு, சந்தேகம் வந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்று மேலைநாடுகளில் சில அறுவை மருத்துவர்கள் பேசுகிறார்கள். நெதர்லாந்தில் இதற்கென்றே ஆய்வும் செய்திருக்கிறார்கள். முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் அங்கே அந்த யோசனை எந்தத் தரையில் நிற்கிறது? எடுத்த உறுப்பை அறுவை மருத்துவர் கையால் தடவி, திறந்து பார்த்து, கண்டதை எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். நாளைக்கு வயிறு வீங்கினால் பழைய கோப்பு திறக்கிறது. நம் அண்ணனுக்கு அறுவைக் குறிப்பு என்று கையில் கொடுத்தது நாலு வரி டிஸ்சார்ஜ் சீட்டு. அதில் குடல்வால் வெடித்திருந்தது என்று இருக்கிறது. எவ்வளவு தடிமன், சளி இருந்ததா, எதுவும் இல்லை. அங்கத்திய முடிவைத் தூக்கி இங்கே வைத்து “தேவையில்லை” என்று சொல்வது, செருப்புப் போட்டவன் வெறுங்காலில் நிற்பவனிடம் “முள்ளெல்லாம் ஒன்றும் செய்யாது” என்று சொல்கிற கதை.

இன்னொன்றும் நடக்கிறது. இப்போதெல்லாம் குடல்வால் வீங்கினால் உடனே அறுக்காமல் ஊசி மருந்திலேயே குணப்படுத்தலாம் என்று ஒரு வழி வந்திருக்கிறது. பலருக்கு அது நல்ல வழிதான். குடல்வாலைச் சுற்றிச் சீழ்கட்டி இருந்தால் முதலில் சீழை ஆற்றிவிட்டு, சில வாரம் கழித்து வரச்சொல்வார்கள். பின்லாந்தில் இப்படிச் சீழ்கட்டிய 60 பேரை வைத்து ஒரு ஆய்வு தொடங்கி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 12 பேருக்குக் குடல்வாலில் கட்டி இருந்தது. அத்தனை பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். எதிர்பாராத இந்த எண்ணிக்கையால் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. சிறிய ஆய்வுதான், ஐந்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் 40 வயதுக்கு மேல் சீழ்கட்டியோடு வருகிறவரை “மருந்திலே சரியாயிட்டு” என்று அனுப்பிவிட முடியாது என்பது தெளிவு.

“ஆறு வாரம் கழிச்சு வாங்க.” இந்த வாக்கியத்தை முள்ளக்காட்டிலிருந்தோ முத்தையாபுரத்திலிருந்தோ உப்பளத்துக்குப் போகும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். ஆறாவது வாரம் சித்திரை வெயிலில் உப்பு விளைகிற உச்சகாலம். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. மூன்று நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள். மழைக்காலத்தில் வேலையே கிடையாது, அப்போது வாங்கிய கடனை இந்த வெயிலில்தான் அடைக்க வேண்டும். வலியும் போய்விட்டது. அவள் ஏன் வருவாள்? வரவில்லை என்றால் “ஃபாலோ அப் வரல” என்று பேஷண்ட் மேல் எழுதிவிடுகிறார்கள். வட்டிக்காரன் ஒரு தவணை தவறினால் வீட்டு வாசலுக்கு வருகிறான். ஆஸ்பத்திரி ஒரு போன்கூடச் செய்வதில்லை.

உப்பளத்துப் பெண்களைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் குடல்வாலின் சளிக்கட்டி பெரும்பாலும் சினைப்பைக் கட்டி என்ற பெயரில்தான் வெளியே வருகிறது. செல்கள் சினைப்பையில் போய்ப் படிந்து அங்கே பெரிதாகும். ஸ்கேனில் சினைப்பைதான் தெரியும். இந்த நோயே சினைப்பையில்தான் தொடங்குகிறது என்று மருத்துவ உலகம் பலகாலம் நம்பியிருந்தது. 1990-களில்தான் பெரும்பாலானவற்றுக்கு மூலம் குடல்வால் என்று தெளிவானது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத பெண்கள் இவர்கள். அடிவயிற்று வலியை வலி என்றே கணக்கில் வைப்பதில்லை. கர்ப்பப்பையோ சினைப்பையோ எடுக்கும்போது சளிக்கட்டி என்று தெரிந்தால், குடல்வாலையும் பார்த்தீர்களா என்று நம் பெண்கள் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டெர்லைட்டைச் சொல்லாமல் இந்த ஊரில் கட்டி பற்றிப் பேச முடியாது. அண்ணனுக்கு நோய் தெரிந்த அன்றே தெருவில் அந்தப் பெயர்தான் அடிபட்டது. 2018 மே 22 அன்று கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கோபம் எனக்குக் குறையவில்லை. ஆனால் குடல்வால் கட்டிக்கு இந்தக் காற்றுதான், இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல அறிவியல் சான்று கிடையாது. சான்று இல்லாததைச் சொன்னால் நம் சான்றுள்ள வழக்கும் பலவீனப்படும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஒரு ஊரில் புற்றுநோய் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமானால் பயாப்சி வேண்டும். சர்வதேச நோய்ப் பட்டியலில் குடல்வால் புற்றுநோய்க்கு சி 18.1 என்று தனி எண் இருக்கிறது. ஆனால் அறிக்கை அட்டவணைகளில் சி 18 என்று பெருங்குடலோடு சேர்த்துத்தான் வழக்கமாகப் போடுகிறார்கள். உடைமரக் காட்டில் புதைந்தது அந்த அட்டவணைக்கும் வராது. எண்ணப்படாத நோய், எண்ணப்படாத மனிதர்களுக்கு. நம் மக்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள் என்று நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இயக்கத்துக்கு இது புதிதா என்ன?

டப்பாவுக்குத் திரும்பி வருகிறேன். உயிரியல் மருத்துவக் கழிவு விதிகள் 2016-ல் வந்தன. மனித உடலிலிருந்து எடுத்த பாகங்கள் மஞ்சள் பையில் போய் எரிக்கப்பட வேண்டும். அந்த மஞ்சள் பையைத் தூக்குகிறவர்கள் யார்? எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பாருங்கள், நம் ஆட்கள்தான், அதிலும் அருந்ததியர் பெண்கள். இரத்தமும் சதையும் கழிவானால் அதைத் தொட நம் கை வேண்டும். அதே சதை சாட்சியாக மாறி நம் உயிரைக் காக்கவேண்டிய இடத்தில் மட்டும் “ஆயிரத்துச் சொச்சம் ஆகும்” என்கிறார்கள். தன் புருஷனின் சதையைத் தானே சுமந்துபோய், தானே காசு கட்டி, தானே ரிப்போர்ட் வாங்கி, புரியாத ஆங்கிலத்தை யாரிடமாவது காட்டி வாசித்துக்கொள்ள வேண்டும் என்பதை யார் தீர்மானித்தது? அறுத்தவர் மருத்துவர். அறுத்ததில் என்ன இருந்தது என்று அறியும் பொறுப்பு மட்டும் எப்படி மதினிக்குப் போனது?

என் கோரிக்கை பெரிதல்ல. தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் தர தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் இருக்கிறது, 2018-ல் விதிகளும் வந்தன. எடுத்த உறுப்பைச் சோதனைக்கு அனுப்பும் செலவு அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், அனுப்புவதும் முடிவை வாங்குவதும் மருத்துவமனையின் வேலை என்று அதில் ஒரு வரி சேர்க்கட்டும். உரிமம் புதுப்பிக்க வரும் அதிகாரி, எத்தனை குடல்வால் எடுத்தீர்கள், எத்தனை ரிப்போர்ட் இருக்கிறது என்று இரண்டு எண்களைக் கேட்கட்டும். கட்டி என்று வந்தால் நோயாளியைத் தேடிப்போகட்டும். 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடுதேடி மாத்திரை வருகிறது; எங்கள் காலனிக்கும் வருகிறது, குறை சொல்லமாட்டேன். அந்தச் சகோதரியின் பையில் ஒரு ரிப்போர்ட்டும் வரலாம்தானே?

ரிப்போர்ட் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. போன வருடம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்லூரி மாணவி, 19 வயது. குடல்வால் எடுத்தார்கள். பயாப்சியில் நுனியில் ஆறு மில்லிமீட்டர் நியூரோ எண்டோகிரைன் கட்டி. வார்டில் யாரோ “கேன்சர்” என்று சொல்லிவிட, வீடே இழவுவீடாகிவிட்டது. “நாளைக்கு இவளை யாரு கட்டுவா?” என்று ஆச்சி ஒப்பாரி வைத்தார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் போனேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். “ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ, முழுசா எடுத்தாச்சு, ஓரம் சுத்தமா இருக்கு. இனி ஒண்ணும் பண்ண வேண்டாம், பிள்ளைய காலேஜுக்கு அனுப்புங்க.” அவள் இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். அண்ணனுக்கும் அந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் நோயில் இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். அண்ணனின் குடல்வாலில் என்ன இருந்தது என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதுதானே கொடுமை.

அண்ணனின் நிலை இதுதான். இந்த நோய்க்கு அமெரிக்க மருத்துவர் சுகர்பேக்கர் வகுத்த வழியில் வயிற்றுக்குள் படிந்ததையெல்லாம் உரித்து எடுத்து, சூடாக்கிய புற்றுநோய் மருந்தால் வயிற்றறையைக் கழுவுகிறார்கள். பத்து மணிநேரம்கூட ஆகும் அறுவை. இங்கிலாந்தில் இதற்கென்றே பேசிங்ஸ்டோக்கிலும் மான்செஸ்டரிலும் அரசு செலவில் நடக்கும் மையங்கள் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து போனால் சென்னை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ளவர்களுக்கு 5 லட்சம் வரை. அந்த வருமானச் சான்றுக்கே நான் மூன்று தடவை கிராம நிர்வாக அலுவலகப் படியேறினேன். ஒப்பந்தக்காரர் ஒரு சம்பளச் சீட்டுத் தரமாட்டேன் என்கிறார். தந்தால் இருபது வருடம் தன்னிடம் வேலைபார்த்தார் என்று ஆகிவிடுமாம். தேதி கிடைத்திருக்கிறது. மெதுவாக வளர்கிற வகை, நம்பிக்கை இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, “ரிப்போர்ட் ரிப்போர்ட்டுன்னு பிள்ளைய அலையவிடுதியே” என்று என் முன்னால் மதினியைத் திட்டுகிறார்.

அந்த மேற்படிப்பு மாணவி கேட்ட கேள்வியை நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். எங்கள் பக்கத்து மூன்று காலனிகளில் கடந்த மூன்று வருடத்தில் குடல்வால் எடுத்தவர்கள் பதினொரு பேர். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரிப்போர்ட் கையில் இருப்பது நாலு பேரிடம். மூன்று பேர் டப்பாவை லேபில் கொடுத்தார்கள், வாங்கப் போகவில்லை. இரண்டு பேருக்கு டப்பா என்ற ஒன்றையே யாரும் காட்டவில்லை. மீதி இரண்டு பேருக்கு ஞாபகம் இல்லை. உங்கள் தெருவிலும் கேட்டுப் பாருங்கள். லேபில் மெழுகுக்கட்டியாகப் பதித்து வைத்தது வருடக்கணக்கில் கெடாது, பழைய சீட்டு எண் இருந்தால் இன்றைக்கும் கேட்டு வாங்கலாம்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அந்த மூன்று பேரில் இரண்டு பேருடைய சீட்டு கிடைத்துவிட்டது. லேப் பத்து மணிக்குத் திறக்கிறது, மதினியும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.